பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை

செங்கல்பட்டு

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. பட்டறைச் சிலைகளை இனி ஆன்லைனிலும் விற்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். வெப்சைட்டுக்கென்று நீ அனுப்பிய மூன்று பெயர்களையும் பார்த்தேன். வக்கீல் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவள் என்பதால் சொல்கிறேன், டொமைனுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடு.

டொமைன் காலியாக இருந்தால் பெயர் நமக்கென்று ஆகிவிடாது. முதலில் பணம் கட்டுகிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது யாருடைய வியாபாரப் பெயர் என்று யாரும் விசாரிப்பதில்லை. அதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன். சத்யம் இன்ஃபோவே கம்பெனி தன் பெயரைச் சுருக்கி ‘சிஃபி’ என்று வைத்து, 1999-ல் டொமைன்கள் வாங்கியது. 2001-ல் வேறொரு கம்பெனி நடுவில் ஒரு ‘எஃப்’ கூடுதலாகப் போட்டு ‘சிஃபிநெட்’ என்று வாங்கியது. ‘தொடங்கிய ஐந்து பேருடைய பெயர்களின் முதலெழுத்துகள் இவை’ என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. பெங்களூரு சிவில் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. டொமைன் பெயருக்கும் வியாபாரப் பெயருக்குள்ள பாதுகாப்பு உண்டு என்று 2004 மே 6-ல் தீர்ப்பானது.

உன் பட்டியலில் உள்ள ‘சிற்பி’யையே எடுத்துக்கொள். ஆங்கிலத்தில் ‘எஸ்’ போட்டாலும் ‘சிஹெச்’ போட்டாலும் காதுக்கு ஒன்றுதான். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்தை வைத்து மட்டுமல்ல, உச்சரிப்பை வைத்தும் தேடு. டிரேட்மார்க்கில் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள், கற்சிலைகள் 19-ஆம் வகுப்பு. அதோடு விடாமல் கூகுள், இன்ஸ்டாகிராம், மாமல்லபுரத்து ஐந்து ரதம் ரோட்டு போர்டுகள் எல்லாம் பார். பதிவு செய்யாவிட்டாலும், முன்பிருந்தே அந்தப் பெயரில் தொழில் நடத்துகிறவர் வழக்குப் போடலாம்.

‘மாமல்லபுரம் கற்சிற்பம்’ என்று மட்டும் வைப்பதும் வேண்டாம். ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் பொதுச் சொத்து, அதற்கு டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம். அங்குள்ள கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அது ஊர்ச் சிற்பிகள் எல்லோருக்குமானது, ஒரு கடைக்கு மட்டும் சொந்தமாகாது. உன் பட்டறைக்கென்றே ஒரு தனிச் சொல் பிடி.

இன்னொன்று. வெப்சைட் செய்து தருகிற பையன் டொமைனைத் தன் பெயரில் வாங்கிவிட்டால், நாளைக்கு அவனிடம்தான் நீ கையேந்த வேண்டும். உன் பெயர், உன் மெயில், உன் போன் நம்பர் போட்டு வாங்கச் சொல். பில்லையும் பத்திரமாக வை.

தனிநபர் ஆன்லைனில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷத்துக்குச் செல்லும். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் கொடுப்பதற்கே அதைவிடக் கூடுதலாகச் செலவாகலாம். பெயரை முடிவு செய்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் ஒரு முறை தேடிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை போர்டு எழுதக் கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா