கட்டடம் மூலதனம், நர்ஸ் செலவு

அஸ்தினாபுரத்தில் ராத்திரி யாருக்காவது மூச்சுத்திணறல் வந்தால், கையில் காசு இருப்பவர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், மற்றவர்கள் குரோம்பேட்டை ஜி.ஹெச்.சுக்கு. பல வருஷமாக இதுதான் வழக்கம். 2025இல் தாம்பரம் சானடோரியத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு நூறு கோடிக்கு மேல் செலவழித்துப் புதுக் கட்டடம் திறந்தார்கள். எங்கள் ஏரியாவுக்கு அவசியமான ஒன்று, சந்தோஷம்தான். ஆனால் அந்த மாதிரிக் கட்டடங்களுக்குள் நைட் ட்யூட்டி பார்க்கும் நர்ஸின் நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்பது பேச்சு. எங்கள் தெரு அக்கா ஒருவரும் அதில் சேர்ந்தார். அப்போது என் டீமில் புதிதாக வந்த பையன் அதைப்போல மூன்று மடங்கு வாங்கினான், அவன் தூங்கினால் யார் உயிரும் போகாது. இரண்டு வருஷம் முடிந்தும் பெரும்பாலோருக்கு நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். வேலைக்குத் திரும்பச் சொன்னது உயர் நீதிமன்றம். அதற்குப் பிறகுதான் சம்பளம் 14,000 ஆனது.

அரசாங்கத்துக்குக் கல் மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஆட்சி மாறியும் இது மாறவில்லை என்பதால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003இல் வந்தது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பது அதன் இலக்குகளில் ஒன்று. சம்பளமும் பென்ஷனும் வருவாய்ச் செலவில் வரும், கட்டடம் மூலதனச் செலவில் வரும். ஒரு நர்ஸை நிரந்தரம் செய்தால் முப்பது வருஷத்துக்குச் செலவு நிற்கிறது. கட்டடத்துக்கு ஒரு தடவை பணம் ஒதுக்கினால் திறப்பு விழாவே நடத்திவிடலாம். சிக்கனம் என்று வந்தால் கத்தி எந்தப் பக்கம் இறங்கும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

என் வேலையில் நாங்கள் தினமும் பார்க்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கோரிக்கையை முடிக்க ஒரு வினாடி எடுக்கும் சர்வர் 80 சதவீதம் பிஸியாக இருந்தால், எளிய கியூ கணக்குப்படி ஒருவர் வேலை முடிந்து வெளியே வர சராசரியாக ஐந்து வினாடி ஆகும். 95 சதவீதம் என்றால் இருபது வினாடி. சுமை கூடியது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, தாமதம் நான்கு மடங்கு. அதனால்தான் எந்த இன்ஜினியரும் சர்வரை நூறு சதவீதத்தில் ஓடவிட மாட்டார். வார்டும் ஒரு கியூதான். சாதாரண நாளில் "சும்மா" இருப்பதாகத் தெரியும் அந்த ஒரு நர்ஸ்தான் டெங்கு சீசனில் வார்டைக் காப்பாற்றுகிறவர்.

இந்தப் பாடம் நம் அரசுக்குத் தெரியாததல்ல. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்குகளில் மருந்தை முன்கூட்டியே இருப்பு வைக்கிறது. நாடே பாராட்டிய ஏற்பாடு அது. பாராசிட்டமாலுக்கு உபரி இருப்பு வைக்கிறோம், அதை எடுத்துக் கொடுக்கும் கைக்கு வைப்பதில்லை.

2020 மே 3ஆம் தேதி ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மீது பூ தூவின. அந்தக் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிக்கப்பட்டது. தற்காலிக நியமனம்தானே என்றது அரசு, மாற்று வேலை தருவதாகவும் சொன்னது. அதுவும் ஒப்பந்த வேலைதான்.

எல்லா நெருக்கடியிலும் "நம்ம சுகாதாரத் துறை தாங்கிடுச்சு" என்கிறோம். தாங்கியது லீவு எடுக்காத, வீட்டுக்குப் போகாத, சம்பளம் உயராத ஆட்கள். அவர்கள் சோர்ந்து கல்ஃபுக்கோ தனியாருக்கோ போகும்போது, எந்தப் பேஷன்ட் இன்னும் பத்து நிமிஷத்தில் மோசமாவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் அனுபவமும் கூடவே போகிறது. தெரு அக்கா இப்போது மஸ்கட்டில் இருக்கிறார்.

அடுத்த பட்ஜெட்டில் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு எத்தனை கோடி என்று வாசிக்கும்போது, காலமுறை ஊதியத்தில் எத்தனை செவிலியர் பணியிடம் என்ற வரியும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.