முதுகைப் பார்த்தீர்களா?

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெருவில் தெரிந்தால் போதும், ஊசி போடக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். பிரஷர் பார்க்க, சர்க்கரை பார்க்க, தையல் பிரிக்க என்று வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். எனக்கு ஒன்றும் சிரமமில்லை. ஆனால் நர்ஸ் என்றால் ஊசி என்று நம் ஜனங்கள் முடிவு கட்டி வைத்திருப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. ஊசி போடுவதை யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். உங்களில் பலருக்கு இன்சுலின் போடுவது இப்போது பேரன்தானே?

1960-ல் உலக நர்ஸ்கள் சங்கம், அதாவது இன்டர்நேஷனல் கவுன்சில் ஆஃப் நர்ஸஸ், ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டது. எழுதியவர் வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நர்ஸ். எங்கள் பயிற்சிக் காலத்தில் சிஸ்டர் டியூட்டர் அதைக் கிட்டத்தட்ட மனப்பாடமாகவே ஒப்பிப்பார். மனிதனுக்கு 14 தேவைகள் என்று அதில் வரும். மூச்சு விடுவது, சாப்பிடுவது, மலஜலம் கழிப்பது, உடம்பை அசைப்பது, தூங்குவது, குளிப்பது, துணி உடுத்துவது என்று போய், மனசில் இருப்பதைப் பேசுவது, சாமி கும்பிடுவது, ஏதாவது வேலை செய்வது, பொழுதுபோக்குவது வரை. இவற்றை மனிதன் தானே செய்துகொள்வான். உடம்பில் பலமோ, மனசில் தெம்போ, விவரமோ இல்லாமல் போகும்போது அவனுக்காக நர்ஸ் செய்கிறாள். அதுவும், அவன் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தானே செய்துகொள்ளும்படி. ஹெண்டர்சன் சொன்னதன் சாரம் இதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்த வைத்தியத்தை நடத்தி வைப்பதும் நர்ஸின் வேலைதான், ஆனால் அந்தப் பதினாலில் ஊசி வராது.

பதினாலையும் சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அசைப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் வயதுக்காரர்களுக்கு நாளைக்கே தேவைப்படக்கூடிய சங்கதி அது.

நாம் தூக்கத்தில் கூடப் புரண்டுகொண்டே இருக்கிறோம். நமக்கே தெரியாது. பக்கவாதம் வந்தவரும், இடுப்பெலும்பு முறிந்தவரும், நினைவில்லாதவரும் அப்படிப் புரள முடியாது. ஒரே இடத்தில் படுத்திருந்தால் எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சதை நசுங்கும். ரத்தம் ஓடாது. சில மணி நேரத்திலேயே உள்ளே சதை சாக ஆரம்பித்துவிடும். வெளியே நமக்குத் தெரிவது பிறகுதான். மேலே ரூபாய்க் காசு அளவு கறுப்பாக இருக்கும், உள்ளே கை நுழையும் பள்ளம் இருக்கும். அதுதான் படுக்கைப் புண். அதைத் தடுக்க, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும்தான்.

கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்க 1854-ல் போன ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். விளக்கோடு நிற்கும் படம் பள்ளிப் புத்தகத்தில் இருந்தது. அந்த அம்மாள் 1859-ல் எழுதிய நர்ஸிங் புத்தகத்தில் ஒரு கடுமையான இடம் உண்டு. நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால், பெரும்பாலும் அது நோயின் குற்றமில்லை, நர்ஸிங்கின் குற்றம் என்று எழுதிவிட்டார். எங்கள் ஹெட் சிஸ்டர் அந்தப் புத்தகத்தைப் படித்தாரோ என்னவோ, அவருக்கும் அதே கட்சிதான். காலையில் ரவுண்டு வரும்போது கேஸ் ஷீட்டைப் பார்க்க மாட்டார். நேரே நோயாளியின் முதுகுக்கு அடியில் கையை விடுவார். ஈரம் இருக்கிறதா, விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா, இட்லித் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் எங்களுக்குக் காலை வணக்கம்.

பாடம் எல்லாம் சரி. ஆண்கள் மெடிக்கல் வார்டில், நைட் டியூட்டியில், ஐம்பதுக்கு மேல் நோயாளிகள். கட்டிலுக்குக் கீழேயும் படுத்திருப்பார்கள். நான் ஒருத்தி, ஒரு ஆயா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரைத் திருப்ப, எப்படித் திருப்ப?

எண்பதுகளின் நடுவில் ஒரு நெசவாளி பக்கவாதத்தில் வந்து சேர்ந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. அவர் மனைவி கட்டிலடியிலேயே உட்கார்ந்திருப்பாள், எலும்பும் தோலுமான பெண்பிள்ளை. அவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆளை இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உள்ளே கிழியும். இடுப்புக்கு அடியில் ஒரு புடவையை நாலாக மடித்துக் குறுக்கே போட்டு, அதைப் பிடித்துத் தூக்கித் திருப்ப வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. முழுப் பக்கமாகச் சாய்க்காமல் லேசாக ஒருக்களித்தாற்போல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பு அழுந்தும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஏதாவது மடித்து வைக்க வேண்டும். தொடுவதற்கு முன்னால், "இப்போ இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று அவரிடம் சொல்ல வேண்டும். "அவருக்குத்தான் ஒண்ணும் புரியாதேம்மா?" என்றாள். "புரியுதோ இல்லையோ, உடம்பு அவரோடது இல்லையா?" என்றேன்.

அவளிடம் கைக்கடிகாரம் கிடையாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் கஜானா இருந்தது. அங்கே காவலுக்கு இருக்கும் போலீஸ்காரர் மணிக்கு மணி அடிப்பார். ரெட்டைப்படையில் அடித்தால் திருப்பு என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று மணி சத்தம் அடங்கியதும் அந்தக் கட்டில் கிரீச்சிடுவது எனக்குக் கேட்கும். கனமாக இருக்கும் வேளையில் கூப்பிடுவாள், நானும் ஒரு கை போடுவேன். சில நாளில் பக்கத்துக் கட்டிலில் இருந்த இன்னொரு கிழவருக்கும் அவளே மணி பார்த்துத் திருப்ப ஆரம்பித்துவிட்டாள். நாற்பது நாளைக்குமேல் இருந்துவிட்டுப் போனார்கள். போகும்போது முதுகில் ஒரு கீறல் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை மருந்தெல்லாம் எழுதியிருந்தது, இது இல்லை. வராத புண்ணை எழுத அதில் இடமேது?

பாடமும் மாறிக்கொண்டுதான் வந்தது. எங்கள் காலத்தில் முதுகுக்கு ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சிவந்த இடத்தை நன்றாகத் தேய்ப்போம். உட்காரும் இடத்துக்குக் காற்றடைத்த ரப்பர் வளையம் வைப்போம். இரண்டுமே இப்போது கூடாது என்கிறார்கள். தேய்த்தால் நொந்த சதை மேலும் நோகும், வளையம் சுற்றிலும் அழுத்தி ரத்தத்தைத் தடுக்கும். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் முதியவர்கள் வார்டில் ஆராய்ச்சி செய்து 1962-லேயே எழுதியிருக்கிறார், களிம்பும் தைலமும் தடவுவதைவிட அடிக்கடி திருப்பி விடுவதுதான் பலன் தருகிறது என்று. டாக்டர் இல்லை, நர்ஸ். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் நினைவிருக்கும். 1973 நவம்பரில், பணிபுரிந்த இடத்திலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தவர், 2015 மே மாதம்தான் கண்ணை மூடினார். நாற்பது வருடத்துக்கு மேல் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திருப்பிப் படுக்க வைத்தது அங்கே வேலை பார்த்த நர்ஸ்கள்தான். அவரைப் பார்த்தே இராத, அவர் தாக்கப்பட்ட பிறகு பிறந்த பெண்களெல்லாம் டியூட்டிக்கு வந்து செய்திருக்கிறார்கள். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கருணைக்கொலை வழக்கில் 2011-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும் அந்தச் சேவையைப் பாராட்டியது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. நாற்பது வருடம், இரண்டு மணிக்கு ஒருமுறை என்று நான் மனசில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இனி என் வீட்டுச் சங்கதி. சில வருடங்களுக்கு முன் என் அத்தான், அக்கா வீட்டுக்காரர், பக்கவாதத்தில் விழுந்தார். பெரிய தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஏ.சி. அறை, பட்டனைத் தட்டினால் எழும்பும் கட்டில். பன்னிரண்டாம் நாள் நான் ஊரிலிருந்து போனேன். போனதும் பழைய பழக்கத்தில் முதுகுக்கடியில் கையை விட்டேன். ஈரம். திருப்பிப் பார்த்தால் வால் எலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. அக்காவுக்குத் தெரியாது. போர்வை போர்த்தியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது, அவளுக்கு அது போதுமாக இருந்தது.

சார்ட்டைக் கேட்டு வாங்கினேன். இடது, வலது, நேர் என்று இரண்டு மணிக்கு ஒரு டிக், ஒன்று விடாமல். எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. முதல் நாள் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அத்தானை ஸ்கேனுக்குக் கீழே கொண்டுபோயிருந்தார்கள் என்று அக்கா மகன் சொன்னான். பன்னிரண்டுக்கு அறையில் இடது பக்கம் படுத்திருந்ததாக டிக் இருந்தது.

டியூட்டியில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நானும் நர்ஸ்தான் என்றதும் கண் கலங்கிவிட்டது. "மேடம், நைட்ல இருபத்தெட்டு பேஷண்டுக்கு ரெண்டு பேர். திருப்ப இன்னொரு ஆள் வேணும், கேட்டா கிடையாது. ஆனா சார்ட்ல காலி இருந்தா மெமோ குடுப்பாங்க" என்றாள். சம்பளம் சொன்னாள், அதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளைத் திட்ட மனம் வரவில்லை. குற்றம் அவளை அப்படி நிறுத்தியவர்கள் மேல்தான் முதலில். ஆனாலும் அவளிடம் சொன்னேன்: "திருப்ப முடியலைன்னா, முடியலைன்னு எழுதும்மா. காலி இருந்தா அடுத்த டியூட்டிக்காரி வந்ததும் திருப்புவா. டிக்கைப் பார்த்தா அவளும் போர்வையை எடுக்க மாட்டா." மேனேஜரிடம் நானும் அக்கா மகனும் போய் எழுதிக் கொடுத்தோம். பணிவாகக் கேட்டுக்கொண்டார். பில்லில் புண்ணுக்குக் கட்டுப் போட்ட கூலி தனியாக வந்தது.

அந்தப் புண் ஆற நாலு மாதம் பிடித்தது. வீட்டில் அக்கா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி எழுதி வைத்துக்கொண்டாள். இடது, வலது, நேர். அவளுக்கும் எழுபது வயது. ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். சில ராத்திரிகளில் இரண்டு மணிக்கு எதிரே, கோணல் எழுத்தில், "தூங்கிட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

இப்போது ஊரெல்லாம் ஏஜென்ஸி வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்ணை ஹோம் நர்ஸ் என்று அனுப்புகிறார்கள். நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள், பத்து நாள் கூடப் பயிற்சி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஊசி போடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். எப்படித் திருப்புவாய், செய்து காட்டு என்று கேளுங்கள். வாடகைக்கு ஏர் பெட் போட்டுவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அதில் படுத்தாலும் திருப்பத்தான் வேண்டும். முட்டை, பருப்பு, பால் என்று வயிற்றுக்குப் போனால்தான் தோல் தாங்கும்.

யாராவது படுத்திருக்கும் வீட்டுக்குப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸோடு ஒரு டார்ச்சும் எடுத்துப்போங்கள். வீட்டாரிடமும் படுத்திருப்பவரிடமும் கேட்டுக்கொண்டு முதுகைப் பாருங்கள். புத்தகத்தில் சிவப்பாக இருக்கும் என்று போட்டிருக்கும், அது வெள்ளைக்காரத் தோலுக்கு. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். வால் எலும்பு, இரண்டு குதிகால், இடுப்புப் பக்கங்கள், தோள்பட்டை, பின்மண்டை. சாயங்கால வெளிச்சம் போதாது.