பதினொரு செடிகள்

கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு போகும் வழியில், மலையடிவாரத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. அதை அம்மா காடு என்பாள். அப்பா எஸ்டேட் என்பார். பயிர்க் கடன் விண்ணப்பத்தில் அது முந்திரி. பயிர் என்பதற்கு அங்கே ஒரு கட்டம்தான். அந்தப் பாரத்தை ஊராருக்கு நிரப்பிக் கொடுப்பது என் உத்தியோகம் என்பதால், அதன் மீது எனக்குப் புகார் இல்லை.

உண்மையில் இருப்பது வேறு. மேட்டில் கொட்டை முந்திரி, வேலியோரம் இலவம், கிணற்றடியில் எலுமிச்சை, சில மாமரங்கள், இரண்டு பலா. பலா நிழலில் முப்பது காப்பிச் செடிகள். முப்பது இருந்தன என்று எழுத வேண்டும்.

2025 மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு ராத்திரி மழை பெய்தது. ஓர் அங்குலத்துக்குக் குறையாது. காப்பிச் செடி அந்த மழைக்காகத்தான் மொட்டை இறுக்கி வைத்துக்கொண்டு காய்ந்து நிற்கும். மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் கிளை நெடுக வெள்ளையாகப் பூத்துவிடும். ஆனால் அதே ராத்திரி முந்திரி பூவும் பிஞ்சுமாக நின்றது. மழையும் அதைத் தொடர்ந்த மூட்டமும் அதற்கு ஆகாது. தேயிலைக் கொசு என்று ஒன்று வந்து சாற்றை உறிஞ்ச, பூங்கொத்து தீய்ந்தாற்போல் கறுத்துவிடும். இலவங்காய் வெடிக்கிற பருவமும் அதுதான். நனைந்த பஞ்சு பழுப்பேறிவிடும். மரத்தோடு விலை பேசியிருந்த வியாபாரி மறுநாள் காலையே வந்து, மேலே அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

நம் பத்திரிகைகளில் உருவ ஒருமை என்று நிறைய எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஒரே மழை ஓரிடத்தில் பூவாகவும் பத்தடி தள்ளி நஷ்டமாகவும் ஆகிற ஒரு நாவலைக் கொடுத்தால், ஆசிரியருக்குத் தன் விஷயத்தின் மீது பிடிப்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருப்பேன். நான்கு ஏக்கர்க்காரன் ஆறு வகை மரம் வைப்பது பிடிப்பு இல்லாமல் அல்ல. எந்த வருஷம் எது கைவிடும் என்று தெரியாததால் வைக்கிறான். ஒருமை அவனுக்குக் கட்டுப்படியாகாது.

காப்பி மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது அப்பாவின் ஆசை. மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், 1991-இல் வேலையை விட்டு இறங்கும்போது ஈரச் சாக்கில் சுற்றி நாற்றுகளைக் கொண்டுவந்தார். அரபிகா ஆயிரம் மீட்டருக்கு மேலே சுகப்படுகிற செடி. எங்கள் காடு அதில் பாதி உயரம்கூட இல்லை. கோடையில் ஆடு மாடே நிழல் தேடும். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து அவர் அவற்றைப் பிழைக்க வைத்தார். சுமந்தது பெரும்பாலும் அம்மா.

இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது. 1942-ஆம் வருஷத்துக் காப்பிச் சட்டப்படி, வீட்டு உபயோகத்துக்கும் விதைக்கும் போக மீதிக் காப்பியையெல்லாம் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத் தந்துவிட வேண்டும். விளைவித்தவன் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. எஸ்டேட் பேரேட்டில் இதை வருஷக்கணக்காக எழுதியவர் அப்பா. முப்பது செடிக்கு யாரும் ஜீப்பில் வரப்போவதில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், பழத்தைக் கொல்லைப்புறத்தில்தான் காயப்போடுவாராம். 1992 முதல் தளர்ந்து 1996-இல் அந்த ஏற்பாடு முழுக்க நீங்கியது. அப்பா பிறகும் கொல்லைப்புறத்தில்தான் காயப்போட்டார். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறினால் அதிகம். அதை அம்மா உரலில் இடித்துப் புடைத்து இரும்புச் சட்டியில் வறுப்பாள். குடித்தவர்கள் ஒருவரும் நன்றாக இருந்தது என்று சொன்னதாக ஞாபகமில்லை.

2016-இல் அவர் போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தச் செடிகளைப் பார்த்துக்கொண்டேன். முந்திரியையும் மற்றதையும் அம்மா பார்த்தாள். அதாவது வருமானம் அவளுடையது, உணர்ச்சி என்னுடையது.

2023 செப்டம்பரில் நான்கு செடிகளின் இலை வெளிறித் தொங்கியது. தண்டைத் தடவினால் பட்டைக்கடியில் நரம்பு புடைத்த மாதிரி மேடு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் நிறைய விழும் செடிகளைத்தான் அது தேடி வரும். புழு உள்ளே கட்டையைக் குடைந்துகொண்டே போகும், வெளியிலிருந்து மருந்து எட்டாது. வண்டாகி வெளியே பறப்பதற்குள் செடியைப் பிடுங்கி எரிப்பது ஒன்றே வழி. காப்பி பயிரிடும் எவரும் இதைச் சொல்வார்கள். எனக்கும் தெரிந்திருந்தது. நான்கில் ஒன்று, அப்பா கடைசியாகக் கவாத்துச் செய்தது. இந்தப் பழம் பறித்த பிறகு பார்க்கலாம் என்றேன்.

அந்த மாதம்தான் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். பாதியை நீக்கியிருந்தால் மீதி பிழைத்திருக்கும், ஆசிரியருக்குத் தன் பழைய வரிகளின் மேல் உள்ள பாசம் புத்தகத்தை அரித்துவிட்டது என்பது அதன் சாரம். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்த அபிப்பிராயத்தில் எனக்கு இப்போதும் மாற்றம் இல்லை.

இந்த மழைக்குப் பின் போய்ப் பார்த்தபோது முப்பதும் பூத்திருந்தன. மல்லிகை வாசம் கிணறு வரை வந்தது. நோய் கண்டவைதான் அடர்த்தியாகப் பூத்திருந்தன. சாகப்போகிற மரம் அப்படிப் பூக்கும் என்பார்கள். அம்மா மண்வெட்டியோடு வந்து, செடி செடியாகக் குனிந்து தண்டைத் தடவிக்கொண்டே போனாள். நான்கு இப்போது பதினொன்று ஆகியிருந்தது.

“பூவோட வேணாம்மா. ரெண்டு நாள்ல கொட்டிரும்” என்றேன்.

“பூவையே பாத்துக்கிட்டு நில்லு. சித்திரை பொறந்தா பறந்துரும்ப்பா. அப்பறம் மிச்சத்துக்கும் பூ இருக்காது.”

அவள் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வெட்டியது அவர் கவாத்துச் செய்ததை. தண்டை அரிவாளால் பிளந்து என்னிடம் நீட்டினாள். கட்டைக்குள் வளைந்து வளைந்து ஒரு சுரங்கம், அதில் மாவை இடித்து அடைத்த மாதிரித் தூள், அதற்குள் அரிசி நிறத்தில் ஒரு புழு. பதினொன்றையும் களத்து மேட்டில் அடுக்கி எரித்தோம். பச்சைக் கட்டை சீக்கிரம் பற்றவில்லை. முந்திரிச் சருகு போட்டு மூட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதிப் பத்தொன்பதின் தண்டுகளைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பட்டையில் உரிகிற செதிலும் வெடிப்பும் இருந்தால் வண்டு அதில் முட்டையிடும். வழவழப்பாக்கிவிட்டால் இடம் கிடைக்காது. முழங்கால் போட்டுச் செய்கிற வேலை, ஒரு செடிக்குக் கால் மணி நேரம். அம்மா மேட்டில் முந்திரிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டை போன வருஷத்தில் பாதி வந்தால் அதிசயம்.

பதினேழாவது செடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கட்டைவிரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. நார் தேய்த்ததில் பட்டை சுருண்டதாகவும் இருக்கலாம். இன்னொரு முறை தடவிப் பார்த்தேன். பிறகு மேட்டைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன்.