கொடைக்கானல் பெரணி மதுரைக்கு வந்தால் ஏன் மஞ்சளாகிறது?

மதுரை பைபாஸ் சாலையில், தேனி சாலை வந்து சேரும் இடம் காளவாசல். மேம்பாலம், ஹாரன் சத்தம், டீக்கடைக் கூட்டம் என எப்போதும் பரபரப்பு. தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்கூடப் பெயருக்கு அர்த்தம் யோசித்திருக்க மாட்டார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளைக்குத்தான் காளவாசல் என்று பெயர்.

பக்கத்திலேயே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். கொடைக்கானல் போய்த் திரும்புகிறவர்கள் கையில் சாக்லேட் டப்பாவோடு சில சமயம் ஒரு பெரணிச் செடியும் இருக்கும். மலையில் பச்சைப் பசேலென்று இருந்த செடி, காளவாசல் மாடி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் மஞ்சளாகிவிடும். ‘மதுரை வெயில் தாங்கலை’ என்போம். வெயிலும் காற்றின் வறட்சியும் காரணம்தான். ஆனால், நாம் ஊற்றும் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.

மண்ணின் அமிலத் தன்மையை பி.எச். அளவால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் 10 மடங்கு வித்தியாசம். பெரும்பாலான பெரணிகளுக்குப் பிடித்தது 5.5 முதல் 6.5 வரை.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில், மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. சோலைக்காட்டில் உதிரும் இலைகள் மட்கி, மண்ணை அமிலமாக்குகின்றன. அங்கே பெரணிகள் எவ்வளவு செழிப்பு என்றால், அவற்றைப் பற்றி மட்டுமே தாவரவியலாளர் வி.எஸ்.மாணிக்கம் 1986-ல் ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

இங்கே நிலைமை வேறு. போர் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். அந்தத் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண் காரமாகும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் புது இலை வந்தால், இதுதான் அறிகுறி.

என்ன செய்யலாம்?

* மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீரும் நல்லது.
* ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவுநீர் வேண்டவே வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் அதில்தான் அதிகம்.
* தொட்டியில் இலைமட்கும் தென்னைநார்த் தூளும் கலந்து நிரப்புங்கள்.
* நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சுண்ணாம்பை விரும்பும் பெரணியும் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவரிலும் கிணற்று உறையிலும், ஏணிப்படி போல இருபுறமும் நீளமான சிற்றிலைகளோடு ஒன்று முளைத்திருக்கும். டெரிஸ் விட்டாட்டா என்பது அதன் பெயர். மண்ணிலிருந்து ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சி எடுக்கும் திறன் அதற்கு இருப்பதை ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-ல் அறிவித்தார்கள். அதனால், பார்க்கலாம், வளர்க்கலாம், சாப்பிடக் கூடாது!

அடுத்த முறை மலைக்குப் போனால் காட்டுப் பெரணியைப் பிடுங்கி வராதீர்கள். அதற்கு வேண்டிய மண் அங்கேதான் இருக்கிறது. சூளையின் பெயரைச் சுமக்கும் காளவாசலுக்கு, சுண்ணாம்புச் சுவரில் முளைக்கும் பெரணியே பொருத்தம்.