தலைகீழாய்ச் செதுக்கும் எழுத்து

திண்டுக்கல் பேகம்பூரில், ஃபஜ்ர் தொழுததும் எங்கள் மகள் மரப்பலகையும் உளியுமாக அமர்வாள். 'உருவம் வரைவது தகுமா?' என அஞ்சிய நாங்கள், ஒருநாள் கடுஞ்சொல்லால் தடுத்துவிட்டோம்.

பின்னரே ஜரீனா ஹாஷ்மியை அறிந்தோம். 1937இல் அலிகாரில் பிறந்து, நாடு நாடாக வாழ்ந்த அச்சுக்கலைஞர். 1999இல் 36 மரச்செதுக்கு அச்சுகளில் வீடு, வாசற்படி, கதவு என இழந்த இல்லத்தை நினைவுகூர்ந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல், சில கோடுகள். மனித உருவமே இல்லை.

எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். வெட்டிய மரம் மீண்டும் ஒட்டாது; நாங்கள் சொன்ன சொல்லும் அத்தகையதே. மகளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இன்று அதிகாலை மீண்டும் உளியோசை கேட்டது, அல்ஹம்துலில்லாஹ்.