அது பெயின் கில்லர்னே எனக்குத் தோணலை!

அலுவலகத்தில் பக்கத்து சீட் தோழியிடம் பீரியட்ஸ் மாத்திரை கேட்க நாம் யாரும் தயங்குவதில்லை. காதோரம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைப்பையிலிருந்து பாதி காலியான அட்டை ஒன்று வெளியே வரும். ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் வேலையைப் பார்க்கலாம். கல்லூரி நாள்களிலிருந்து நானும் அப்படித்தான். அந்த மாத்திரைதான் என்னை எண்டோஸ்கோபி மேசை வரை கொண்டுபோனது.

எனக்கு 34 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். வேலை, குடும்பம் எல்லாம் கோவையில். இரண்டு வருடங்களுக்கு முன்பு என் எடை 104 கிலோ. சர்க்கரை, பி.சி.ஓ.டி இரண்டும் இருந்தன. டயட், ஜிம், பேலியோ என்று பல வருடங்கள் போராடிய பிறகு, டாக்டர் பரிந்துரைப்படி இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையின் மேல் பகுதியை ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள். 11 மாதங்களில் 71 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. பழைய சுடிதார்களை எல்லாம் பிடிக்கக் கொடுத்தேன்.

இன்னொரு மாற்றமும் வந்தது. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்த பீரியட்ஸ், ஆபரேஷன் முடிந்த 5-வது மாதத்திலிருந்து நாள் தவறாமல் வர ஆரம்பித்தது. அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். ஆனால், கூடவே கல்லூரிக் காலத்து வலியும் திரும்பி வந்தது. அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல முதல் இரண்டு நாள்கள் நிமிர முடியாது. நான் யோசிக்கவே இல்லை. தோழியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அடுத்த மாதம் நானே கடையில் ஓர் அட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான்கு மாதங்கள் இப்படியே போயின. பிறகு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல் ஆரம்பித்தது. எதைச் சாப்பிட்டாலும் வலி. ஒரு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனபோது பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடினோம்.

"பெயின் கில்லர் ஏதாவது போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"மூட்டு வலி, தலைவலி, பல் வலி... எதுக்காவது?"

"எதுக்குமே போடலை டாக்டர்."

நான் பொய் சொல்லவில்லை. அது பெயின் கில்லர் என்றே எனக்குத் தோன்றவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பீரியட்ஸ் மாத்திரை, அவ்வளவுதான். ஊசி போட வந்த சிஸ்டர்தான், "பீரியட்ஸ் டைம்ல எதுவும் போடுவீங்களாக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு நேராக டாக்டரிடம் எடுத்துப்போனார். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் 'மெஃபனமிக் ஆசிட்' என்று இருந்தது.

எண்டோஸ்கோபியில், சின்னப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் தெரிந்தது.

அன்று டாக்டர் படம் வரைந்து விளக்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. பீரியட்ஸ் நேரத்தில் கருப்பையைச் சுருங்க வைத்து வலியை உண்டாக்குவது அதுதான். ஆனால், இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பாற்றுவதும் அதே பொருள்தான். மெஃபனமிக் ஆசிட், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் போன்ற மாத்திரைகள் இந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. அடிவயிற்று வலி அடங்கும். மேல்வயிற்றின் காவலும் போய்விடும். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த இணைப்பு இடம் ஏற்கெனவே மென்மையானது. அமிலத்தைத் தாங்குகிற அமைப்பு சிறுகுடலுக்குக் கிடையாது. அதனால் அங்கே புண் சீக்கிரம் வந்துவிடும்.

"அப்போ ஊசியா போட்டுக்கலாமா டாக்டர்? வயித்துக்குப் போகாதே?" என்று என் கணவர் கேட்டார்.

"எந்த வழியில போனாலும் ரத்தத்துல கலந்துதானே வேலை செய்யுது? ஊசியும் அதே பாதுகாப்பைத்தான் குறைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் பழைய டிஸ்சார்ஜ் ஃபைலைத் தேடி எடுத்தேன். 'வலி நிவாரணிகளைத் தவிர்க்கவும்' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்பு பி.பி, சர்க்கரை, தைராய்டு, குறட்டை என்று எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள். மாதவிடாய் வலி பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பக்கத்தில் அண்ணனும் கணவரும் நிற்கும்போது வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். 'பொம்பளைக்கு இது இருக்கறதுதானே' என்று நானே நினைத்திருந்த விஷயத்தை டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

புண் ஆறுவதற்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சிரப்பும் மூன்று மாதங்கள். ஆனால், மாதா மாதம் வருகிற வலி காத்திருக்காதே! மாத்திரை போடக் கூடாது என்றதும், ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சி களத்தில் இறங்கினார்.

"மாத்திரையைத் தூரப் போடுட்டி. உளுந்தங்களி கிண்டித் தாரேன். இடுப்புக்கு அவ்வளவு பலம்."

கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்க மணக்க ஓர் உருண்டை. ஆசையாகத் தின்றேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வியர்த்து, கட்டிலில் சாய்ந்துவிட்டேன். இனிப்பு அதிகமான உணவு, பைபாஸ் செய்தவர்களுக்குச் சின்னப் பையில் தங்காமல் நேராகக் குடலுக்குள் இறங்கிவிடும். அதனால் வருகிற தொல்லைக்கு 'டம்பிங் சிண்ட்ரோம்' என்று பெயர். பாவம், ஆச்சி பயந்துபோய் அழுதே விட்டார். மறுநாள் விஷயத்தைப் புரியவைத்ததும், கருப்பட்டி இல்லாமல், பூண்டு தட்டிப் போட்டு, உப்புப் போட்ட உளுந்தங்கஞ்சியாக மாற்றினார். கால் டம்ளரை அரை மணி நேரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். அது ஒத்துக்கொண்டது.

மகப்பேறு மருத்துவரை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். 'எடை குறைஞ்சும் ஏன் இவ்வளவு வலி?' என்பதுதான் என் முதல் கேள்வி. அவர் சிரித்தார். "எடை குறைஞ்சதாலதான்மா. முன்னாடி உங்களுக்குக் கருமுட்டை ஒழுங்கா வெளியாகலை. இப்போ மாசா மாசம் வெளியாகுது. அப்படி வர்ற பீரியட்ஸ்லதான் இந்த வலி அதிகம்." ஆனாலும், அதோடு அவர் விட்டுவிடவில்லை. கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எனக்கு எதுவும் இல்லை.

அவரும் ஆபரேஷன் செய்த டாக்டரும் பேசி, எனக்கென ஒரு திட்டம் போட்டுக்கொடுத்தார்கள். வலி உச்சத்துக்குப் போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல், ஆரம்பிக்கும்போதே பாராசிட்டமால். எனக்கு 650 மி.கி, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில். சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முறுக்குப்பிடிப்பு அதிகமானால், பெயின் கில்லர் கலக்காத தசைப்பிடிப்பு மாத்திரை ஒன்று. அடிவயிற்றில் துண்டு சுற்றிய ஹாட் வாட்டர் பேக், ஒரு தடவைக்கு 15-20 நிமிடங்கள். மற்ற நாள்களில் தவறாமல் நடை.

இவ்வளவு செய்தும் முதல் நாள் வலி பாதிக்கு மேல் குறையவில்லை. ரத்தப்போக்கு வேறு அதிகம். பைபாஸுக்குப் பிறகு இரும்புச்சத்து உடம்பில் சேர்வது ஏற்கெனவே குறைவு, ஹீமோகுளோபின் 9.1-க்கு இறங்கியது. கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்பு மாத்திரையோடு டீ கூடாது என்பதெல்லாம் அப்போது கற்றுக்கொண்டதுதான்.

ஹார்மோன் மாத்திரை போடலாமா என்று கேட்டேன். பைபாஸ் செய்தவர்களுக்கு வாய் வழி மாத்திரை முழுமையாகச் சேருமா என்பது நிச்சயமில்லை என்றார் டாக்டர். கருப்பைக்குள்ளேயே வைக்கும் ஹார்மோன் காயிலைப் பற்றிச் சொன்னார். ஜீரணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலியும் ரத்தப்போக்கும் குறையும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதால், அதற்கும் அது உதவும். எனக்கு ஏற்கெனவே 8 வயதில் மகள் இருக்கிறாள். கணவரிடம் பேசி, வைத்துக்கொண்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் மூன்று மாதங்கள் நினைத்த நேரத்துக்குத் திட்டுத்திட்டாகப் பட்டது. அத்தைக்குக் கோயிலுக்கும் வீட்டுக்கும் கணக்கு வைத்தே அலுத்துவிட்டது. அதன் பிறகு மெள்ள மெள்ள அடங்கியது. இப்போது முதல் நாள் ஒரு பாராசிட்டமாலும் ஹாட் வாட்டர் பேக்கும் போதும். திரும்ப எடுத்த எண்டோஸ்கோபியில் புண் முழுதாக ஆறியிருந்தது.

இது எனக்குப் போட்ட திட்டம். ஸ்லீவ் ஆபரேஷன் செய்தவர்களுக்கும், கல்லீரல் பிரச்னை உள்ளவர்களுக்கும், வேறு மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கும் இது மாறும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, வலி மாதா மாதம் கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காதீர்கள்.

என் கைப்பையில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. மாத்திரை அட்டை இல்லை. 'எனக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்ற வரியும், கூடாத மருந்துகளின் பெயர்களும் எழுதியது. பல் டாக்டரோ, மருந்துக் கடையோ, எங்கே போனாலும் முதலில் அதை நீட்டிவிடுவேன்.

போன வாரம் தம்பி மனைவி போன் செய்திருந்தாள். அவளுக்கும் அடுத்த மாதம் ஆபரேஷன். முடி கொட்டுமா, பிரியாணி சாப்பிடலாமா, எவ்வளவு செலவாகும் என்று ஆயிரம் கேள்விகள். எல்லாம் முடிந்ததும் நான் ஒன்று கேட்டேன். "பீரியட்ஸ் வலிக்கு என்ன மாத்திரை போடுறே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏன் மதினி... அதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லணும்?"

"அட்டையைக் கையில எடு. பின்னாடி என்ன எழுதியிருக்குனு படிச்சுச் சொல்லு" என்றேன்.