வாங்குவதா? பொருத்துவதா?

விளையாட்டுக் கணினி வேண்டும் என்று விரும்பும் இளையோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “எது மலிவு?” என்பதாகும். கடையில் பொருத்தி விற்கப்படும் முழுக் கணினியை வாங்குவதா, பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே பொருத்துவதா? எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி இரண்டு முறை எழுந்தது. இரண்டு முறையும் வெவ்வேறு முடிவை எடுத்தோம். இரண்டுமே சரியான முடிவுகள்தாம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்கள் ஒரே பெட்டிக்குள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அக்கணினியில் பிற நிறுவனங்களின் பாகங்களும் இடம்பெற்றிருந்தன. அதன் தொழில்நுட்ப விவரங்களையும் அந்நிறுவனம் நூலாக வெளியிட்டதால், பிறரும் அதற்கேற்ற பாகங்களைச் செய்யத் தொடங்கினர். 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் அளவுமுறையை அறிமுகப்படுத்தியது. தாய்ப்பலகையின் அளவும் திருகுத் துளைகளின் இடமும் மின்வழங்கியின் இணைப்பும் அதில் வரையறுக்கப்பட்டன. இன்று ஒரு மாணவன் வீட்டு மேசையிலேயே கணினியைப் பொருத்த முடிவதற்கு இத்தகைய பொது அளவுமுறைகளே காரணம். இத்துறையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1972-ஆம் ஆண்டு முதல் பினாங்கு, பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கி வருகிறது.

முதல் முறை இக்கேள்வி எழுந்தது 2021-ஆம் ஆண்டில். கோவிட்-19 காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்த காலம் அது. என் மகள் எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். பாடத்துக்கும் அசைவூட்டப் படம் வரையவும் ஓய்வு நேரத்தில் விளையாடவும் அவளுக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. அப்பொழுது உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நிலவியது. மின்னிலக்க நாணயங்களை ஈட்டுவதற்காக வரைகலை அட்டைகளைப் பலர் வாங்கிக் குவித்தனர். இதனால், அந்த அட்டைகளின் விலை கிடுகிடுவென உயர்ந்தது. ஓர் அட்டையைத் தனியே வாங்குவதைவிட அட்டையுடன் கூடிய முழுக் கணினியை வாங்குவதே சிக்கனமாக இருந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. நடு இரவில் கணினி பழுதானால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இல்லை. தேர்வு ஆண்டில் ஒரு வாரப் பாடத்தை இழப்பதும் பெரிய இழப்பே. ஆகவே, இரண்டாண்டு உத்தரவாதத்துடன் முழுக் கணினியை வாங்கினோம்.

இரண்டாம் முறை கேட்டவன் என் அக்காள் மகன். மாசாயில் வசிக்கும் அவன், 2024-இல் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் நான்கு மாதங்கள் ஒரு பேரங்காடியில் வேலை செய்தான். நாள் முழுவதும் நின்றுகொண்டே உழைத்து 3,000 ரிங்கிட் சேர்த்திருந்தான். அது அவன் ஈட்டிய முதல் சம்பாத்தியம். ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தான்.

“மாமா, கடையில் முழுக் கணினி 2,999 ரிங்கிட். நானே பொருத்தினால் 2,640 ரிங்கிட்தான். 359 ரிங்கிட் மிச்சமாகும்,” என்றான்.

“இரண்டிலும் இருக்கும் பொருள்கள் ஒன்றுதானா? வரிசையாக எழுதிப் பார்,” என்றேன்.

எழுதிய பிறகே உண்மை புலப்பட்டது. முழுக் கணினியின் விலையில் விண்டோஸ் மென்பொருளின் உரிமம் அடங்கியிருந்தது. அவனது பட்டியலில் அது இல்லை. அதைச் சேர்த்ததும் அவன் கண்ட மிச்சம் மறைந்துவிட்டது. மறுபுறம், கடையின் விளம்பரத்தில் செயலியின் பெயரும் வரைகலை அட்டையின் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. மின்வழங்கியை யார் தயாரித்தது என்ற விவரம் எங்குமே இல்லை. கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் அதன் வழியாகவே செல்கிறது. அது தரமற்றதாக இருந்தால் மற்றப் பாகங்களும் பழுதடையக்கூடும். தன் பட்டியலில் அவன் நல்ல மின்வழங்கியைத் தேர்ந்தெடுத்திருந்தான். விலை ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று என்பதை அவன் தெளிவாக உணர்ந்தான்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. நாம் தேர்ந்தெடுக்கும் பாகங்களைக் கடைக்காரரே பொருத்திக் கொடுப்பார். சில கடைகளில் அதற்குச் சிறு கட்டணம் இருக்கும். அந்த வழியையும் அவனுக்குக் கூறினேன். தாய்ப்பலகையில் செயலி அமரும் இடத்தில் உள்ள ஊசிகள் மிக நுண்ணியவை. அவை நம் கைப்பட்டு வளைந்தால் உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. நான்கு மாத உழைப்பு ஒரு நொடியில் வீணாகிவிடலாம். அவன் சற்று நேரம் சிந்தித்தான். பிறகு, “பல்கலைத் தொழிற்கல்லூரியில் கணினித்துறையில்தான் படிக்கப் போகிறேன், மாமா. நானே பொருத்திப் பார்க்கிறேன். அப்பாவும் உடன் இருப்பார்,” என்றான்.

அவன் தந்தை தினமும் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் உள்ள மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்பவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு ஓய்வு நாள். அன்று மகனுக்கு அருகில் அமர்ந்தார். “பாகத்தைத் தொடுவதற்கு முன் பெட்டியின் உலோகத்தைத் தொடு. உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும்,” என்றார். மாலையில் கணினியை முடுக்கியபோது விசிறி சுழன்றது. ஆனால், திரையில் ஒன்றும் தெரியவில்லை. மகனின் முகம் வெளிறியது. தந்தை பதற்றப்படவில்லை. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னார். ஒரு நினைவகத் துண்டு முழுமையாக அழுந்தவில்லை. அழுத்தியதும் ‘டக்’ என்று ஓசை கேட்டது. மீண்டும் முடுக்கியதும் திரை ஒளிர்ந்தது.

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பார்கள். திரை வாங்க அவனிடம் பணம் மிஞ்சவில்லை. ஆறு மாதங்களுக்கு வீட்டுத் தொலைக்காட்சியே கணினித் திரையாயிற்று. பாட்டியின் தொடர் நாடகம் முடிந்த பிறகுதான் அவன் விளையாட முடிந்தது!

என் மகளின் கணினியில் இரண்டாம் ஆண்டில் விசிறி பழுதானது. கடைக்காரர் உத்தரவாதத்தின்படி அதனை இலவசமாக மாற்றிக் கொடுத்தார். அக்காள் மகனோ அடுத்த ஆண்டில் கூடுதல் நினைவகத்தை வாங்கிப் பத்தே நிமிடங்களில் தானே பொருத்திக்கொண்டான். அவள் தன் நேரத்தைக் காத்துக்கொண்டாள். அவன் தன் நேரத்தைச் செலவிட்டுத் திறனை வளர்த்துக்கொண்டான்.

ஆகவே, விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதுடன், “பழுதானால் யார் பார்ப்பார்?” என்ற கேள்வியையும் கேளுங்கள். “கடைக்காரர்” என்பது விடையானால், அந்தப் பொறுப்புக்கும் சேர்த்தே பணம் செலுத்துகிறீர்கள். “நான்” என்பது விடையானால், அதற்கான நேரமும் பொறுமையும் உங்களிடம் இருக்க வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணையாக உள்ளது. வாங்கிய பொருளில் குறையிருந்து கடைக்காரர் தீர்வு காண மறுத்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். அங்கு நம் பக்கம் பேசும் முதல் சான்று அந்தச் சிறிய தாள்தான்.